கடைசி வாரத்துப் பக்கங்கள் என்னிடம் இல்லை

நம் வாசகர் நோட்டில் இதை நானே எழுதிவிடுகிறேன். இன்று நான் செய்ததை வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் திட்டு இரண்டு பங்காகும்.

நாம் பத்துப் பேரும் படிக்கவென்று, வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து, தறியில் மிஞ்சிய பாவு நூலால் தைத்து வைத்தேனே, குகையில் மாட்டிக்கொண்ட பெண்ணின் தொடர்கதை. முடிவு நேற்றுத்தான் வந்தது. தைத்த சூட்டோடு, வாழப்பாடியிலிருந்து வரும் பஸ்ஸில் முதலிலிருந்து படிக்க எடுத்தேன்.

பக்கத்தில் தாவணி போட்ட ஒரு பெண் எட்டிப் படித்தாள். ஐந்தாவதோடு நின்ற நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அவள் பக்கத்தையே முடித்துவிடுகிறாள்.

"அக்கா, திருப்புங்க."

"இரு சாமி, நான் இன்னும் குகை வாசலையே தாண்டல."

"நான் உள்ள போயி ரொம்ப நேரமாச்சுங்க."

சரியென்று அவளையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். கடைசி அத்தியாயம் தொடங்கும்போது அவள் இறங்கும் ஸ்டாப் வந்துவிட்டது. லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போகிறாளாம்.

"அந்தப் புள்ள வெளிய வந்துருமாங்க?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கடைசி வாரத்துப் பக்கங்களை அவள் கையில் திணித்தேன்.

"பின்பக்கத்துல என் விலாசம் இருக்கு. படிச்சுட்டு, என்னாச்சுன்னு ஒரு கார்டு போடு."

கார்டு வரும்வரை ஆளுக்கொரு முடிவு கீழே எழுதுங்கள். அவளைக் குகையிலேயே விட்டுவிடுகிறவர்களுக்கு இனிமேல் நான் எதையும் தைத்துத் தருவதாக இல்லை.