ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கை

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ரெட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும். என் கொழுந்தன் பெண்டாட்டி ரெட்டைப் பிள்ளை பெற்றாள். எனக்கு ஒன்றே ஒன்று, அதுவும் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு. அவள் பிள்ளை பெற்று எழுந்ததிலிருந்து சுற்றுவட்டாரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. பழையசீவரத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

அந்த வருஷம் களையெடுப்பின்போது எனக்குக் கால் வலி கண்டது. சேற்றில் நின்றுவிட்டு வந்தால் உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். கணுக்காலில் நரம்பு சுண்டி இழுக்கும். எங்கள் வீட்டில் முதல் நாற்றை மூத்த மருமகள்தான் நடவேண்டும். அடுத்த நடவுக்குள் கால் சரியாகாவிட்டால் அந்த இடமும் அவளுக்குப் போய்விடும்.

என் வீட்டுக்காரர் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே கேட்டார். "வூட்லயே ராசியான கை கீது. நீ இன்னாத்துக்கு காலுக்கடியில சோடா புட்டிய உருட்டிக்கினு கீற?"

இது சுளுக்கு இல்லை, நரம்பு வலி என்றேன். அவளிடம் காலை நீட்டுவதைவிட நொண்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்பதைச் சொல்லவில்லை. கை பொறுக்கும் சூட்டில் உப்புத் தண்ணீர் வைத்து அதில் காலை ஊறப்போடுவேன். துடைத்துவிட்டு, வெதுவெதுப்பான விளக்கெண்ணெயைத் தடவி, விரலிலிருந்து கணுக்கால் வரை மெல்ல நீவுவேன். அழுத்தினால் சுரீர் என்றது, பதமாக நீவினால் அடங்கியது. அப்புறம் காலி சோடா புட்டியை உள்ளங்காலுக்கு அடியில் உருட்டுவேன். மெதுவாகக் கால் வழிக்கு வந்தது.

முதல் நாற்றை நானே நட்டேன். பின்னால் நின்ற கொழுந்தன் பெண்டாட்டி காலை மாற்றி மாற்றி வைப்பதையும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். "ஊருக்கெல்லாம் நீவறேன் யக்கா. என் காலுக்கு என் கை ஆவல" என்றாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதை. உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோனது. காலை இங்கே வை என்றேன். மூத்தவள் தன் காலைத் தொட்டால் பாவம் என்று இழுத்துக்கொண்டாள். பிடித்து மடியில் வைத்தேன். எனக்குச் சுண்டிய அதே இடத்தில்தான் அவளுக்கும் சுண்டியது. தினமும் நீவிவிட்டேன்.

கொஞ்ச நாளில் விறுவிறுவென்று நடந்தாள். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சொன்னார். "ரெட்டைப் புள்ள பெத்த கைன்னா சும்மாவா? அது கால அதுவே சரிபண்ணிக்கிச்சு பாரு."

அவள் மறுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

வலி போயும் பழக்கம் போகவில்லை. அன்றைக்கும் வந்து என் மடியில் காலை நீட்டினாள். பதமாக நீவ மனசு வரவில்லை. இருந்த ஆத்திரத்தையெல்லாம் கட்டைவிரலில் கூட்டி அழுத்தினேன். கத்தட்டும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான் யக்கா, அங்கதான்" என்றாள்.