ஊதுகுழல்காரனின் கை

ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளைச் சேர்ப்பதில் எனக்கும், கந்தோரில் கூட வேலைசெய்யும் கொட்டாஞ்சேனை நண்பருக்கும் ஓயாத வாக்குவாதம். கோட்டைக் கடையில் சீமையிலிருந்து வந்த சிப்பாய்ப் பெட்டி ஒன்று வாங்கினால், அணி குலையாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். அவர் தன்னுடையவற்றைப் பிஸ்கட் டின்னில் கொட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். பாதிக்குத் தலை இராது.

"ஐசே, உம்மட சிப்பாயள் என்ன குற்றம் செய்து மறியல்ல கிடக்கினம்?" என்பார். எனக்கு எரிச்சல் வரும்.

நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு அலுமாரித் திறப்பைப் பூட்டிலிருந்து எடுக்க மறந்து கந்தோருக்குப் போய்விட்டேன். மாலை வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால், கிணற்றடியில் என் மனைவி கொலு விளக்குகளைப் பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எட்டு வயது மகள், என் பன்னிரண்டு சிப்பாய்களையும் அதே புளியில் ஊறவைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புச் சட்டைகள் உரிந்து சாம்பல் நிற ஈயம் தெரிந்தது.

"ஆரைக் கேட்டு எடுத்தனி?"

"அவையும் கொலுவில நிக்கட்டும் அப்பா. விளக்கு மாதிரி பளபளக்கும் எண்டு நினைச்சன்."

கத்தினேன். அவற்றைத் துவைகல்லில் வரிசையாக நிறுத்தி எந்தச் சட்டை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு வயது மகன் அருகில் இருந்து புளி நக்குவதையும் கண்டேன். கண்டும் சட்டைகளையே பார்த்தேன்.

"உங்கட சிப்பாயை விட்டிட்டு இவன்ர வாயைப் பாருங்கோ!" என்று மனைவி அலறினார்.

வாயில் புளி மட்டுமே இருந்தது. ஆனால் சிப்பாய்களில் ஊதுகுழல்காரனுக்கு ஒரு கை இல்லை. வாளியிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை. மகனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

"என்னத்தை விழுங்கினவன்?" என்று டாக்டர் கேட்டார்.

"வலது கை. அரை அங்குலம். முழங்கை மடிஞ்சது, நுனியில ஊதுகுழல்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப விழுங்கினவன்?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஈயம் கூடாத சாமான். புளியும் பட்டிருக்கு, ஈயம் கரையும். வெளியால வருதோ எண்டு பாருங்கோ. சாப்பிட்டதைச் சத்தி எடுத்தால் உடனே கொண்டு வாங்கோ."

மூன்றாம் நாள் காலை அந்தக் கை மலத்தோடு வந்தது. மனைவி அதைக் கழுவி, பேப்பர்த் துண்டில் வைத்து நீட்டினார். "இந்தாங்கோ. செற் முழுசாயிட்டுது."

பெட்டியைக் கொட்டாஞ்சேனை நண்பருக்குக் கொடுத்துவிடலாமென்றால் அங்கேயும் பிள்ளைகள். எறியவும் மனமில்லை. அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது.

இரண்டு மாதமாகியும் மகன் இருமினால், சோறு வேண்டாமென்றால், ஓடிப்போய் அவன் வாயைத் திறந்து பார்க்கிறேன். இப்போது என்னைத் தூரத்தில் கண்டதுமே அவன் தானாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான்.