மூன்று மெஷினும் ஒரு வாங்கும்

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர். அவருக்குப் பக்கத்தில் வாட்டுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ், பெரிய மிஸ்ஸி என்போம். சமூக சேவைப் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மா, நோனா என்று கூப்பிடுவோம். சுவரோரம் நின்றபடி சின்ன டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியிருந்தவர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் தமிழையும் சிங்களத்தையும் மாற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நான். என் மனைவி பிலோமினா. கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே, காத்திருப்பவர்கள் உட்காரும் நீள மர வாங்கில் பியசேனவும் அவருடைய மனைவி சோமாவும் இருந்தார்கள்.

என் இடத்தை எடுத்துப் பியசேனவுக்குக் கொடுப்பதா என்று முடிவுசெய்யத்தான் அன்று கூடினார்கள்.

நான் கொழும்பில் கொச்சிக்கடைப் பக்கம் ஸ்டோர்களில் மூட்டை தூக்கியவன். மலையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். நோய் காலில் தொடங்கியது. செருப்பு வார் ஏறவில்லை. நிறைய நேரம் நிற்பதால் என்று நினைத்தேன். பிறகு சோறு பிடிக்கவில்லை. வாயில் இரும்பு ருசி. ஒரு நாள் மூட்டையோடு படியில் நின்றுவிட்டேன், மூச்சு வரவில்லை. பின்னால் வந்தவன் ஏசினான். அவனுக்கு வழிவிடக்கூட முடியவில்லை.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு) மிகவும் ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். இனி டயாலிசிஸ் (இரத்தத்தை மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது) செய்தால் உயிர் இருக்கும். செய்யாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சொன்னார்கள்.

வாட்டில் இருந்தது மூன்று மெஷின். வேண்டியவர்கள் நிறையப் பேர். தனியார் ஆஸ்பத்திரியில் காசுக்குச் செய்வார்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழும்பவில்லை. அரசாங்கத்தில் யாருக்குச் செய்வது என்று முடிவெடுக்க ஒரு குழு இருந்தது. வேறு பெரிய நோய் இருக்கக்கூடாது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும். முறை தவறாமல் வர வேண்டும். இரண்டு முறை தவறினால் இடம் போய்விடும், வாங்கில் காத்திருக்கும் அடுத்த ஆள் உள்ளே வருவார். இது கெட்ட சட்டம் என்று நான் சொல்லவில்லை. மெஷின் சும்மா நின்றால் வெளியே ஒருவர் சாகிறார்.

எனக்கு இடம் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும். வாங்கில் எனக்கு அடுத்து இருந்தவர்தான் பியசேன. பஸ் கண்டக்டர். வாங்கில் ஓர் இடம் காலியானால், “இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன” (முன்னுக்குப் போங்க) என்று பஸ்ஸில் கத்துவது போலவே கத்தி எல்லோரையும் முன்னுக்குத் தள்ளுவார். மூச்சு வாங்கிக்கொண்டே கத்துவார். சிரிப்பு வரும்.

பிறகு நான் இரண்டு முறை தவறினேன்.

முதல் முறை கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இருந்த ஒழுங்கையை விடியப்புறம் ஆமியும் பொலிஸும் சுற்றி வளைத்தார்கள். என் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், கொழும்பில் தமிழனைச் சந்தேகப்பட அது போதும். கொண்டுபோய் வைத்து, பொழுதுபடும் நேரம் விட்டார்கள். இரண்டாம் முறை டவுனில் குண்டு வெடித்தது. ரோட்டை மூடி, பஸ்ஸிலிருந்து எங்கள் தமிழ் ஆட்களை இறக்கி நிறுத்தினார்கள். வெயிலில் நின்றேன். தண்ணீர் தந்தார்கள். சிறுநீர் போகாத எனக்குத் தண்ணீர் விஷம் என்று யாரிடம் சொல்வது?

இரண்டு முறையும் பிலோமினா வாட்டுக்குப் போய், எனக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். அவள் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அப்படித்தான். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் வேலைத்தலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சல் என்றே சொல்வோம். உள்ளதைச் சொன்னால் அதற்குப் பிறகு பார்க்கிற பார்வை வேறு. அது பழகிப்போய் ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லிவிட்டாள்.

அன்று அந்த அறையில் பெரிய மிஸ்ஸி அதைத்தான் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் என்றால் மனிதர் ஆஸ்பத்திரிக்கு வருவாரா, வராமல் இருப்பாரா என்று கேட்டார். அவர் கேட்டது சரி.

சின்ன டாக்டர் பிலோமினாவின் பக்கம் திரும்பினார். “அக்கா, ரெண்டு தரமும் காய்ச்சலோ?”

அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரம் கதவு இடுக்கில் பியசேனவின் கால் தெரிந்தது. என் கால் போலவே வீங்கியிருந்தது.

நான்தான் சொன்னேன். “காய்ச்சல் இல்லீங்க டாக்டர். என்னைய புடிச்சிக்கிட்டு போய்ட்டாங்க.”

சின்ன டாக்டர் உடனே மாற்றிச் சொல்லவில்லை. “இதை நான் சிங்களத்தில சொல்லவோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். பிறகு பெரிய மிஸ்ஸி அவரையே பார்த்து, அப்படியென்றால் போன மாதம் உங்களுக்கு வந்த காய்ச்சல் எந்தக் காய்ச்சல் என்று கேட்டார். சின்ன டாக்டர் கழுத்தில் தொங்கிய குழாயைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

சமூக சேவை நோனா, பொலிஸில் ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொண்டுவந்தால் ஏற்கலாம் என்றார். இதற்குச் சின்ன டாக்டர் தேவைப்படவில்லை. பிலோமினா கொச்சிக்கடையில் பிறந்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “யாரு நோனா துண்டு குடுப்பாங்க? சும்மா புடிச்சோம், சும்மா விட்டோம்னு எழுதிக் குடுப்பாங்களா?” பெரிய மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது, மாற்றினால் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரித்தான் மாற்ற வேண்டும் என்றார். நெடுநேரம் கதைத்தார்கள். கடைசியில் இப்படி முடிவானது. யாருடைய இடத்தையும் எடுக்குமுன் அவரைக் கூப்பிட்டு, அவருடைய பாஷையில் காரணம் கேட்க வேண்டும். பிடிபட்டு வராமல் போனால் அது கணக்கில்லை. துண்டு வேண்டாம், அடுத்த நாள் வந்து சொன்னால் போதும். தவறிய முறையை அன்றைக்கே ஈடுசெய்வார்கள். முடிவையும் காரணத்தையும் வாங்குக்கு மேலே சுவரில் இரண்டு பாஷையிலும் ஒட்ட வேண்டும்.

என் இடம் எனக்கே.

பெரிய டாக்டர் எழும்பி வெளியே போய், பியசேனவுக்கு அவரே சொன்னார். மறைக்கவில்லை. இந்த ஆளுக்குத் திருப்பிக் கொடுத்தோம், இன்ன காரணம், அடுத்த இடம் உனக்கு என்றார். நான் வெளியே வந்தபோது பியசேன என்னை நிமிர்ந்து பார்த்து, அவர்கள் பாஷையில் அண்ணா என்று கூப்பிட்டு, “அய்யே, நீங்க எந்த ஹோல்டில இறங்குறீங்க?” என்றார்.

சீட் எப்போது காலியாகும் என்று பஸ்ஸில் கேட்பது போல்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாது என்றேன்.

அடுத்த இடம் காலியாகுமுன் பியசேன இறந்துபோனார்.

சோமா ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். அவருடைய எக்ஸ்ரே படங்களை வாங்கிக்கொண்டு போக வந்தவள். என் கையில் ஊசி ஏற்றியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

“அய்யே, வராம மட்டும் இருக்க வேணாம்” என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் தவறவில்லை. திங்களும் வியாழனும் பொழுதுபட முன்னமே ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசலில் மருந்துக் கடைக்காரர் படுக்க விடும் ஒரு மூலையில் தங்கிவிடுவேன். விடியப்புறம் எங்கள் ஒழுங்கையை வளைத்தாலும் நான் அங்கே இல்லை. பிலோமினா சோற்றுப் பார்சலைக் கட்டித் தருவாள், உப்பில்லாமல்.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு ஒன்று கிடையாது என்றால், ஏன் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு இடம் உண்டு. அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பயத்தில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் அவர்களும் முடிவெடுப்பார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒருவர் வாங்கிலேயே இருப்பார். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பு இப்போது வேறு. இடது கையில் ஃபிஸ்டுலா (இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தது) இருக்கிறது. தொட்டால் தூரத்தில் லொறி எஞ்சின் ஓடுவது போல் அதிரும். மூட்டை தூக்கிய கை அது. இப்போது அந்தப் பக்கம் படுப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை தண்ணீர். கிழமையின் ஏழு நாளில் எனக்கு இரண்டு நாள்தான், மற்ற நாட்கள் அவற்றுக்கு நடுவில் கிடக்கின்றன. வீட்டில் இருந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். இருக்கச் சொல்லிப் பிலோமினா ஏசுவாள். இருக்க முடிவதில்லை.

மெஷினில் கிடப்பது நாலு மணித்தியாலம். அப்போது ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது. தலையைத் திருப்பலாம். கதவு திறக்கும்போதெல்லாம் வாங்கைப் பார்க்கிறேன். முன்னுக்குப் போகச் சொல்ல யாரும் இல்லை. அவர்களாகவே நகர்ந்துகொள்கிறார்கள்.

இன்று ஏழு பேர்.