பசிக்காத உடம்பு

என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்களில் பலர் இன்னும் திண்டிவனத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். எனக்கு வந்தது திமிர் இல்லை, நோய்.

தொண்ணூற்று மூன்றில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் அக்காவும் நானும் மயிலம் முருகனுக்குச் சஷ்டி விரதம் இருந்தோம். ஒரே வீடு, ஒரே விரதம், அதே பாலும் பழமும். அக்காவுக்கு மறுநாளே தலை சுற்றியது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். விரதம் முடிந்ததும் சோற்றுக் குண்டானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றாள். எனக்குப் பசிக்கவே இல்லை. எப்போதும் இருக்கும் படபடப்பு அடங்கி, உடம்பு லேசாக இருந்தது. அதனால் நான் விரதத்தை முடிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்று சாக்குச் சொன்னேன். பிறகு சாக்கும் தேவைப்படவில்லை. சோற்றைப் பார்த்தாலே பயம் வந்தது. எலும்பு துருத்திய கை எனக்குத் தடியாகத் தெரிந்தது.

தெரு என்ன செய்தது? கும்பிட்டது. எதிர்வீட்டு அம்மாள் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிவந்து என் கையால் திருநீறு பூசச் சொன்னார். நிற்கவே தெம்பில்லாத நான் பூசிவிட்டேன். முடி கொட்டியது, மாதவிடாய் நின்றது, ஒருநாள் பள்ளிக்கூடப் படியில் விழுந்தேன். உடனே அதே வாய்கள் பேய் என்றன, காதல் என்றன, கொழுப்பு என்றன. வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவையும் விடவில்லை. அம்மா அழுதுகொண்டே இருந்தாள்.

அழாதவர் அண்ணி ஒருவர்தான். அந்த வருடம்தான் விழுப்புரம் பக்கத்துக் கெடாரிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் யாரையும் கேட்காமல் என்னை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றி, ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்.

அந்த டாக்டர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. நாடி பார்த்தார், விரதத்தைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் விசாரித்தார். பிறகு அண்ணியிடம் விளக்கினார். பட்டினி கிடந்தால் மற்றவர்களுடைய மூளை சோறு கேட்டுக் கத்துமாம். சிலருக்கு அமைதியாகிவிடுமாம். அது பிறவி வாகு, பெண்ணின் தப்பும் இல்லை, பெற்றவளின் தப்பும் இல்லை என்றார். எடை ஏறினால்தான் புத்தி தெளியும், புத்தி சொல்லி எடையை ஏற்ற முடியாது என்றார். அம்மாவின் தப்பு இல்லை என்று ஒரு படித்த மனிதர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு அண்ணியின் வேலை. கேப்பைக் கூழ், இட்லி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வறுத்த வேர்க்கடலை என மணிக்கு மணி கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்துகொள்வார்.

"பசிச்சா சாப்புடுன்னு ஒன்ன வுட்டா நீ செத்துப்போயிடுவ. ஒனக்குப் பசியே வேணாம். மணி ஆச்சின்னா வாயத் தொற, மாத்திரை மாதிரி முழுங்கு" என்றார்.

ஒருநாள் தட்டை அவர் மேலேயே வீசினேன். புடவையைத் துடைத்துக்கொண்டு, "வூட்ல இன்னும் தட்டு கீது" என்று எழுந்து போனார். இன்னொரு தட்டோடு வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான். அவருக்கு என்னைப் பெற்ற கடனும் இல்லை, டாக்டருக்குப் படித்த படிப்பும் இல்லை. நான் உயிரோடு இருப்பது அவரால்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசி. என் மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளைச் சஷ்டி விரதத்துக்குக் கூப்பிட்டாள். நான் கத்தினேன்.

"ரெண்டு பேரும்தான இருந்தோம், எனக்கு இன்னாடி ஆச்சி?" என்றாள் அக்கா. "சாமி மேல இருக்கற கோவத்தப் புள்ள மேல காட்டாத."

மகள் பெரியம்மா பக்கம். நான் கத்தக் கத்த அவளுக்குப் பிடிவாதம் ஏறியது. கத்துவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதனால் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய டாக்டர் அங்கே இல்லை. ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் பேசினார். இந்த நோய் குடும்பங்களில் வருவது உண்டு, ஒரு மரபணு அல்ல, பல சேர்ந்து வேலை செய்கின்றன, அவை இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, எடை குறைவதுதான் பல பேருக்கு அதைக் கிளப்பிவிடுகிறது என்றார்.

"அப்ப எனக்கும் வருமா டாக்டர்?"

"வராமலே போவலாம். ஆனா அம்மாவுக்கு இருந்ததால ஒனக்கு வாய்ப்பு மத்தவங்கள விட ஜாஸ்தி. பட்டினி கெடந்து டெஸ்ட் பண்ணிப் பாக்காதம்மா."

திண்டிவனம் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் என் போனைப் பிடுங்கி அக்காவைக் கூப்பிட்டாள்.

"பெரிம்மா, நான் விரதம் இல்ல. கோயிலுக்கு வர்றேன், சாப்ட்டுட்டு வர்றேன்."

அக்கா ஏதோ நீளமாகப் பேசினாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்க ஒடம்பு வேற பெரிம்மா" என்று போனை வைத்தாள்.

அக்கா பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். போனில் பேசிய அன்று சாயங்காலமே மகள் பசிக்கிறது என்று சமையலறைக்குள் வந்தாள். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.