வேணா என்றால் சரி

ஜீவனஹள்ளியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, போலந்திலிருந்து தொண்டு செய்ய ஒரு பெண்மணி வந்தார். நல்ல உயரம். நம் ஊர் வெயிலில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும்.

அப்போது தெருவிலிருந்து அழைத்து வந்திருந்த ஒரு அம்மா, யாரையும் தொடவிடாமல் குளிக்க மறுத்துக்கொண்டிருந்தார். போலந்துக்காரர் தினமும் காலையில் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, என்னிடம் கற்ற தமிழில், "குளிக்கலாமா?" என்று கேட்பார்.

"வேணா."

"சரி" என்று எழுந்துவிடுவார்.

பொறுக்காமல் ஒருநாள் சொன்னேன்: "நாலு பேர் புடிச்சுக் குளிப்பாட்டிடலாம் மேடம். நாத்தம் தாங்கலன்னு பக்கத்து பெட்ல திட்றாங்க. மதர் இவங்கள வேற எடத்துக்கு அனுப்பிடுவாங்க."

"இதுவரைக்கும் எல்லாரும் இவங்களைப் பிடிச்சுத்தானே இழுத்திருக்காங்க" என்றார் ஆங்கிலத்தில். "மதர்கிட்ட நான் பேசுறேன். நாளைக்கும் கேட்பேன்."

கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். ஒரு காலையில் அந்த அம்மா, "தண்ணி சூடா இருக்குதா?" என்றார். புரியாமல் போலந்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் விளக்கியதும் வெந்நீருக்காகச் சமையலறைக்கு ஓடினார். சிக்குப் பிடித்த தலையை அலசி முடிக்க மதியமாகிவிட்டது.

இன்றும் மாத்திரையைத் துப்பும் நோயாளியிடம் என் குரல் உயரும்போது, அத்தனை 'வேணா'வையும் அவர் எப்படி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார் என்று யோசிக்கிறேன்.