மூன்றாவது வால்வின் சூடு

சந்திரகலா மின்விசிறியை நிறுத்தினால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க வியர்த்து, மோனோரயிலே வழுக்கும். சரி, அவ்வளவு இல்லை. அவள் மாடிக் கடையில் காத்திருக்கும் எங்களுக்குத்தான் வியர்க்கும். “காத்து பட்டா சூடு தப்பாக் காட்டும் ஆன்டி. பொறுத்துக்குங்க லா,” என்பாள்.

பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தொலைக்காட்சிகளைச் சோதித்தவள். இப்போது பாட்டு கேட்கும் பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கு, கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்தவற்றுக்கு, வைத்தியம். ஒவ்வொரு வால்வுக்கும் எவ்வளவு மின்சாரம் போகிறதென்று மீட்டரில் பார்த்துத் திருகாணியை முறுக்குவாள். அதற்குப் பெயர் பயாஸ் வைப்பது. மற்றவர்கள் அதோடு பெட்டியை மூடிவிடுவார்கள். இவளோ அரை மணி நேரம் சூடேறவிட்டு, கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரி வெப்பமானித் துப்பாக்கியை எடுப்பாள். இது அடுப்பையும் அளக்கும். முதலில் தன் பாலில்லாத தே ஓ தேநீர்க் கோப்பையைச் சுட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வால்வுப் பக்கம் திரும்புவாள்.

அன்று சிவநேசனின் ஆம்ப்ளிஃபயர். ஏற்கெனவே இரண்டு வால்வுகள் எரிந்துபோயிருந்தன. “இன்னொண்ணு போச்சுன்னா லோகேஸ்வரி இதுமேல செடி வளர்க்கப் பூச்சட்டி வச்சிருவா, கலா.” லோகேஸ்வரி அவர் மனைவி, சொன்னால் செய்பவர்.

நூற்றெழுபது டிகிரி. நூற்று எழுபத்திரண்டு. மூன்றாவது வால்வு இருநூற்றுப் பத்து! நாலாவது மறுபடி நூற்றெழுபது.

“மீட்டர்ல நாலும் ஒண்ணாத்தானே இருக்கு? மூடிரு லா,” என்றார் சிவநேசன்.

“அவசரம்னா நேரா பூச்சட்டி வாங்கப் போங்கண்ணே.”

ஆறவிட்டு, மூன்றாவதையும் நாலாவதையும் இடம் மாற்றிச் செருகினாள். சூடு வால்வோடு போனால் வால்வு கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் கோளாறு பெட்டிக்குள். மறுபடி பயாஸ், மறுபடி அரை மணி நேரம். சிவநேசன் சட்டையின் இரண்டாவது பொத்தானையும் கழற்றினார்.

சூடு மூன்றாவது இடத்தைவிட்டு நகரவில்லை. வால்வு பிழைத்தது.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். “இந்த ரெசிஸ்டர் அளவு தப்பு. மீட்டர் இதுலதான் அளக்குது, அதான் அதுவே ஏமாந்துருக்கு. யாரு போட்டது?”

சிவநேசன் சுவர்க் காலண்டரை உற்றுப் பார்த்தார். “யூடியூப்ல ஒருத்தன்... ரொம்ப ஈஸின்னு சொன்னான்.”

சரியான ரெசிஸ்டரைப் பற்றவைத்து, மறுபடி பயாஸ் வைத்த பிறகு நாலும் நூற்றெழுபதை ஒட்டி நின்றன. சிவநேசன் உடனே வீட்டுக்கு போன் போட்டார். குரலில் புதுத் தெம்பு.

“வால்வுக்கு ஒண்ணும் இல்ல, லோகேஸ். முன்ன ரிப்பேர் பாத்த ஆளு செஞ்ச வேலை. இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல லா.”

சந்திரகலா, கழற்றிய ரெசிஸ்டரை அவர் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, போன் பக்கமாகக் குனிந்தாள்.

“அக்கா, அந்த ஆளு உங்க வீட்டுக்காரர்தான்.”