ஆளுக்கொரு குளியல் செடி

எங்கள் வீட்டில் "குளிச்சியா?" என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அப்பா நேராகப் போய்ச் செடியைப் பார்ப்பார். வேரடி ஈரமாக இருந்தால் குளித்தாயிற்று. காய்ந்து கிடந்தால் தட்டில் சோறு விழுவதற்குள் பத்துப் பேச்சு விழும். மார்கழிக் குளிரில் நான் ஒரு செம்புத் தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, தலைமுடியை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்திருக்கிறேன். அதுவும் பிடிபட்டுவிடும். ஓர் ஆள் குளித்தால் ஈரம் எவ்வளவு தூரம் பரவும் என்பது அந்த மனிதருக்கு அத்துப்படி.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குத் தண்ணீர் ஒரு சுனையிலிருந்து வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. அம்மாவும் அக்காவும் நானும் பள்ளத்தில் இறங்கிப் போய்ச் சுமந்து வந்தோம். "சொமந்த தண்ணி ஒரு வாட்டி ஒழைச்சா பத்தாது" என்பது ஒரு குடமும் சுமக்காத அப்பாவின் சட்டம். சாமை கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவியது அவரைப் பந்தலுக்கு, குளித்தது மரத்துக்கு. அதிலும் ஆளுக்கொரு செடி. அப்பாவுக்கு ஓர் இளம் பலா, அம்மாவுக்கு முருங்கை, எனக்குப் பப்பாளி. அக்காவுடையது எலுமிச்சை. சின்ன வயதில் அவளே எங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்டது. புளிப்பைக் கண்டாலே அப்பாவுக்குப் பல் கூசும். ஊறுகாய் இருந்தால் தட்டையே தள்ளி வைப்பார். "மலை பூரா புளியமரம் கீறது பத்தாதா, இது வேறயா" என்று அன்றைக்கே முணுமுணுத்தாராம்.

ஊரில் மற்றவர்களுக்குக் குளிக்க ஓர் இடம் இருந்தது. எங்களுக்கு ஒரு மூங்கில் தட்டி இருந்தது. பெண்கள் குளிக்கும்போது அந்த மறைப்பைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். தூக்குகிற வேலை எனக்கு. சோப்பு மண்ணுக்கு ஆகாது என்று அதற்கும் தடை. அரப்புத் தூளைத் தேய்த்துக்கொண்டு, கண் எரிய எரிய, நான் அப்பாவை வாய்க்குள்ளேயே திட்டாத நாள் கிடையாது.

இப்போது என் பேத்தி, 'குளித்த நீரைச் செடிக்கு விடுவோம்' என்று அட்டையில் எழுதிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வருகிறாள். எங்களுக்கு யார் பரிசு கொடுத்தார்கள்? ஊர் சிரித்தது, அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயதானபோது, தை மாதத்தில், அக்காவை இரண்டு மலை தாண்டிக் கட்டிக் கொடுத்தார்கள். அவளை அனுப்பிவிட்டு அம்மா அடுப்படியில் சுருண்டு படுத்துவிட்டாள். நான் தொண்டை கட்ட அழுதேன். அப்பா கொல்லைக்குப் போய் எலுமிச்சையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே அதுங்கிட்ட யார் குளிக்கறது?" என்று கேட்டார்.

"பொண்ணு போன வூட்ல பேசற பேச்சா இது?" என்றாள் அம்மா.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவருக்கு மரத்துக்குத் தண்ணீர் போதவில்லையே என்ற கவலை. கடைசியில் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. ஒரு நாள் பப்பாளி, ஒரு நாள் எலுமிச்சை என்று மாற்றி மாற்றிக் குளிக்க வேண்டியது.

மாசியில், கண்ணமங்கலத்தில் புளி மண்டியில் வேலை செய்த சித்தப்பா வந்தார். போகும்போது ரோஜா நிறத்தில் ஒரு வாசனை சோப்பை என் கையில் வைத்து, "அண்ணங்கிட்ட காட்டாத" என்றார். பப்பாளி அடுப்படி வாசலுக்கு நேரே இருந்தது. எலுமிச்சை வேலியோரம், யார் கண்ணும் படாத மூலையில். அதனால் எலுமிச்சை முறை வந்தால் எனக்குத் திருவிழா. நுரை வேரடியில் பொங்கி நிற்கும். குமிழி அடங்கும்வரை தட்டியை எடுக்கமாட்டேன். அம்மாவின் மூக்குக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. நான் தொடாத நாளிலும் சோப்பு தேய்ந்துகொண்டே வந்ததைப் பற்றி நானும் அவளிடம் கேட்கவில்லை.

சித்திரையில் எலுமிச்சை இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. சோப்பினாலா, வெயிலினாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"மண்ணு மணக்குது. இன்னாடி இது?"

"பூ எதுனா வுழுந்திருக்கும்பா" என்றேன்.

அம்மா திடீரென்று முறத்தை எடுத்துச் சாமை புடைக்கத் தொடங்கினாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதுகில் இரண்டு வைத்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவரோ மண்வெட்டியை எடுத்து, வேர் அறுபடாமல் ஒரு சாண் மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டினார். காட்டிலிருந்து மக்கிய இலைமண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து நிரப்பினார். மறுநாளிலிருந்து தன் பலாவை விட்டுவிட்டு எலுமிச்சையடியில் உட்கார்ந்து குளித்தார். காலையில் ஒரு குளியல், பொழுது சாயும்போது இன்னொன்று.

கோடையில் சுனை நூலாக வடிந்தது. இரண்டு குளியலுக்கான தண்ணீரை எங்களைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. தானே குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"இன்னா மாமா, பொண்ணு போனதும் கொடம் உங்க தோளுக்கு வந்துட்ச்சா?" என்று சுனையில் ஒருவர் கேட்டார்.

"ஒடம்பு எரியுதுப்பா. ரெண்டு வாட்டி குளிச்சாத்தான் அடங்குது" என்றார் அப்பா. பக்கத்தில் குடத்தோடு நின்ற எனக்கு மானம் போயிற்று.

பலா முதன்முதலாகப் பிஞ்சு விட்டிருந்த வருஷம் அது. பலாச்சுளை என்றால் அப்பாவுக்கு உயிர். தண்ணீர் இல்லாமல் பிஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. "காய்க்கற மரத்த வுட்டுட்டு சாவற மரத்தப் பிடிச்சினு தொங்கறாரே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கேட்டால்தானே? தினமும் கிளையைக் கிள்ளிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அம்மாவைக் கேட்பார். இல்லாத நோன்புக்கு இவர் ஏன் நாள் எண்ணுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனி மழையில் எலுமிச்சை துளிர்த்தது. ஆடிக்கு அம்மா போய் அக்காவை அழைத்து வந்தாள். அக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் கொல்லைக்கு ஓடி, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள்.

"பரவால்லியே, சாவாம கீதே" என்று சிரித்தாள்.

கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. "இதுக்கு ஊத்த என்னால ஆவலம்மா. இங்க கீற வரைக்கும் நீயே ஊத்திக்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன். உடைத்தால் சோப்பும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி முழுக்க அக்கா தன் செடியடியில் குளித்தாள். அப்பா தன் பலாவுக்குப் போய்விட்டார். அப்பாடா, ஒழிந்தது என்று இருந்தேன். ஆடி முடிந்து அக்கா புருஷன் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். அன்று பொழுது சாயும் நேரம் பார்த்தால், அப்பா மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சைக்குப் போகிறார்.

"அவருதான் எலுமிச்ச தின்னவே மாட்டாரே. அப்புறம் இன்னாத்துக்கும்மா இது?" என்று அம்மாவிடம் சீறினேன்.

கோடை முழுக்க அவரைத் திட்டித் தீர்த்த அம்மா, தான் சுமந்து வந்து வைத்திருந்த குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "போயி தட்டிய எடுத்துகினு குளி, போ" என்றாள்.

தண்ணீர் வீணாகக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டு, தட்டியைத் தூக்கிக்கொண்டு என் பப்பாளிக்குப் போனேன்.